ஒரு கணினி போதாதபோது

2008 ஆகஸ்டு மாதம். அமெரிக்காவில் நெட்பிளிக்ஸ் நிறுவனம் அப்போது பெரும்பாலும் தபாலில்தான் டிவிடி வட்டுகளை அனுப்பி வந்தது. திடீரென அதன் மையத் தரவுத்தளம் பழுதானது. மூன்று நாள்களுக்கு வட்டுகளை அனுப்பவே முடியவில்லை.

மாணவர்களே, வேலை முழுவதும் ஓரிடத்தில் குவிந்திருந்தால் வரும் ஆபத்து இது. 1964இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய சிஸ்டம்/360 போன்ற மெயின்ஃபிரேம் கணினிகளும் இத்தகைய மைய முறையைச் சேர்ந்தவையே. (அவற்றை மட்டமாக எண்ண வேண்டாம். உறுதியானவை என்பதால் பல வங்கிகள் மெயின்ஃபிரேமை இன்றும் விடவில்லை.) பரவல் முறையில் பல கணினிகள் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று நின்றாலும் மற்றவை தொடரும்.

அப்படியானால் உடனே மாறிவிடலாமே? நெட்பிளிக்ஸுக்கு ஏழு ஆண்டுகள் பிடித்தன. ஏன்?

நம் பள்ளிக் கூட்டுறவுக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசை, ஒரு குறிப்பேடு, பொருள்கள் பின்னறையில். கூட்டம் கூடுவதால் இரண்டாவது மேசையும் இன்னொரு குறிப்பேடும் போடுகிறோம். கடைசி ஜியோமெட்ரி பெட்டிக்கு இரண்டு மேசையிலும் ஒரே நேரத்தில் பணம் வாங்கிவிட்டால்? ஒவ்வொரு விற்பனைக்கும் முன் மற்ற மேசையைக் கேட்கலாம். ஆனால் வரிசை நகராது. கேட்டும் பதில் வரவில்லை என்றால் இன்னும் சிக்கல். விற்பனையை நிறுத்துவதா, தவறு நேர்ந்தாலும் பரவாயில்லை என்று விற்பதா? இணைப்பு அறுந்த கணினிகளுக்கும் இதே திண்டாட்டம்தான்.

ஆகவே எதை முதலில் மாற்றுவது என்பது முக்கியம். படப் பரிந்துரைப் பட்டியல் சற்றுப் பழையதாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஒரே கட்டணத்தை இருமுறை பிடித்தால் யார் சும்மா இருப்பார்? 2016 ஜனவரியில் கடைசியாக மாறியவற்றுள் கட்டணக் கணக்கும் ஒன்று. அதுவரை பழைய முறையும் புதிய முறையும் அருகருகே இயங்கின. மென்பொருளையும் அப்படியே தூக்கி வைக்காமல், சிறு சிறு சேவைகளாகப் பிரித்துத் திரும்ப எழுதினார்கள்.

இடையில் ஒரு குறும்பும் செய்தார்கள். 'கேயாஸ் மங்கி' என்ற நிரல், வேலை நேரத்திலேயே ஏதாவது ஒரு கணினியை நிறுத்திவிடும். பொறியாளர்கள் விழித்திருக்கும்போதே பலவீனம் தெரிந்துவிடும் அல்லவா!

செய்து பாருங்கள்: இருவர் தனித்தனித் தாளில் '10 பேனா' என எழுதிக்கொண்டு விற்கத் தொடங்குங்கள். துண்டுச் சீட்டு வழியாக மட்டுமே பேசலாம். மூன்றாமவர் சில சீட்டுகளை ஒளித்துவைக்கட்டும். பத்து நிமிடம் கழித்து இரு தாள்களையும் ஒப்பிடுங்கள்.