கோடை வெப்பமும் மோட்டார் சைக்கிளும்

மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்குப் பெட்ரோல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் இன்றிப் பெட்ரோல் எரியாது.

அழுத்தம் மாறாதபோது, வெப்பம் ஏற ஏறக் காற்று விரிவடையும் என்பது சார்லஸ் விதி. அதன்படி 15 டிகிரி செல்சியஸ் காற்றைவிட, அதே கன அளவுள்ள 40 டிகிரி காற்றில் ஆக்ஸிஜன் சுமார் 8 விழுக்காடு குறைவு. ஆகவே கோடை நண்பகலில் எஞ்சினின் திறன் சற்றுக் குறைகிறது.

1955இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் வண்டியில், சிலிண்டரைச் சுற்றி உலோகத் தகடுகள் அடுக்கடுக்காக இருந்தன. ஓடும்போது எதிர்க்காற்று அத்தகடுகளில் பட்டு எஞ்சினைக் குளிர்விக்கும். வண்டி நின்றால் அக்காற்றும் நின்றுவிடும். எனவே நிற்கும் வண்டியில் எஞ்சினை நெடுநேரம் ஓடவிடலாகாது.

ஓட்டுபவரின் உடலைக் குளிர்விப்பது வியர்வை. நம் ஏர்வாடி போன்ற கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை எளிதில் உலராது. காற்று தோலைவிடச் சூடானால், எதிர்க்காற்றே அனலாக வீசும். களைப்பும் தலைச்சுற்றலும் உண்டாகும்.

ஆதலால் தோழியரே, தந்தையோ அண்ணனோ நண்பகலில் வண்டியை எடுத்தால், முதலில் தண்ணீர் கொடுப்போம். அவசரமில்லையெனில் மாலையில் செல்லுமாறு வேண்டுவோம். எஞ்சின் பழுதானால் சரிசெய்யலாம். ஓட்டுபவர் வழியில் மயங்கி விழுந்தால் வீடே தவிக்குமன்றோ!