சாக்ஷியின் மன உறுதி

சாக்ஷி மாலிக் முன்னாள் மல்யுத்த வீராங்கனை. ஹரியானா மாநிலத்தில் பிறந்தவர். 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் கால் இறுதியில் தோற்றார். அவரை வென்றவர் இறுதிப் போட்டிக்குப் போனார். அதனால் விதிப்படி சாக்ஷிக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. அன்றே மீண்டும் மோத வேண்டும். அழுதுகொண்டிருக்க நேரம் இல்லை.

மங்கோலிய வீராங்கனையை வென்றார். அடுத்தது வெண்கலப் பதக்கத்துக்கான போட்டி. மொத்தம் 6 நிமிடம். பாதி நேரம் முடிந்தது. எதிராளிக்கு 5 புள்ளி. சாக்ஷிக்கு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மனம் தளரவில்லை. விடாமல் போராடினார். 8-5 என வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை ஆனார்.

மனக்கவலை எல்லோருக்கும் வரும். அப்போது மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள். அடுத்துச் செய்ய வேண்டியதை நினையுங்கள். கவலை தீராவிட்டால் நெருங்கியவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.