பழைய விண்டோஸைப் புது டிஸ்க்குக்கு மாற்றும்போது

பவானியில் ஜமக்காளக் கடைக் கணக்கு, கல்யாணப் பத்திரிகை அச்சகம், பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப் என்று பழைய விண்டோஸ் ஓடும் கம்ப்யூட்டர்கள் இன்னும் பல இடங்களில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்குப் பொதுவான அப்டேட் 2025 அக்டோபர் 14 அன்றும் நின்றுபோயின. ஆனாலும் உரிமையாளர்கள் அவற்றை விடமாட்டார்கள். 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7-இல் பாமினி எழுத்துருவை வைத்து வடிவமைத்த ஃபைல்கள் அந்தப் பழைய விண்டோஸில்தான் சரியாகத் திறக்கும். பழைய பிரிண்டரும் அதில்தான் வேலை செய்யும். இப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் பெரும்பாலும் முதலில் சாகிறது ஹார்ட் டிஸ்க்தான். அது சாகும் முன்பே எல்லாவற்றையும் அப்படியே எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடலாம்; இதைத்தான் குளோனிங் என்பார்கள். அதற்கான குறிப்புகள் இவை.

1. முதலில் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் நீல நிறத்தில் 'குட்' என்று வரவேண்டும். மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் குளோனிங்கைத் தள்ளிவைத்துவிட்டு, கணக்கு, போட்டோ, டிசைன் ஃபைல்களை உடனே வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். கடகடவென்று சத்தம் வரும் டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கவே கூடாது. ஓட்டும் ஒவ்வொரு முறையும் மீட்கக்கூடிய தகவல் குறையலாம்.

2. எஸ்எஸ்டி வாங்கும்போது கவனம் தேவை. பழைய லேப்டாப்புக்கும் டெஸ்க்டாப்புக்கும் பொருந்துவது 2.5 அங்குல சாட்டா வகை. விலை குறைவு என்று கடையில் என்விஎம்இ வகையைக் கொடுத்தால் வாங்காதீர்கள். பழைய மதர்போர்டில் அதற்குப் பெரும்பாலும் இடமே இருக்காது. விண்டோஸ் 7-இல் அதற்கான டிரைவரும் இயல்பாக இல்லை. அளவும் முக்கியம். இருப்பது 500 ஜிபி டிஸ்க் என்றால் 480 ஜிபி எஸ்எஸ்டி அதைவிடச் சிறியது. குளோனிங் மென்பொருள் பெரும்பாலும் மறுத்துவிடும். 500 அல்லது 512 என்று கேட்டு வாங்குங்கள். விண்டோஸில் 465 என்று காட்டினால் பயம் வேண்டாம். 500 ஜிபி அப்படித்தான் தெரியும்.

3. கூடவே சாட்டாவிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் கேபிள் ஒன்று வேண்டும். 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு யுஎஸ்பியில் வரும் மின்சாரமே போதும். டெஸ்க்டாப்பின் பெரிய 3.5 அங்குல டிஸ்க்கை இணைப்பதானால் தனி அடாப்டர் உள்ள கேபிள்தான் உதவும்.

4. மாற்றும் முன் குப்பையை அகற்றுங்கள். ரீசைக்கிள் பின், டவுன்லோட்ஸ், டெம்ப் ஃபைல்களைக் காலி செய்தால் நேரம் மிச்சம். பிறகு சி டிரைவில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸ், டூல்ஸ் வழியாகப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள். விண்டோஸ் 10-இல் பவர் ஆப்ஷன்ஸுக்குள் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கும். அதை அணைத்து, முழுமையாக ஷட்டவுன் செய்யுங்கள். இதை விட்டால் டிஸ்க் அரைத்தூக்கத்தில் இருக்கும். குளோனிங் மென்பொருள் அதைத் தொட மறுக்கும்.

5. டாலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் முதலில் டேட்டாவை பேக்கப் எடுங்கள். அடுத்து லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு, மாற்றிய பிறகு திரும்ப ஆக்டிவேட் செய்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டரின் வன்பொருளோடு அந்த லைசென்ஸ் கட்டப்பட்டிருக்கிறது. விண்டோஸ் லைசென்ஸுக்கு அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. மதர்போர்டு மாறாமல் டிஸ்க் மட்டும் மாறினால் அது வழக்கமாகத் தொடரும்.

6. சி டிரைவை மட்டும் காப்பி செய்வது பலனில்லாத வேலை. விண்டோஸ் 7-ஐ நிறுவும்போது அது தனக்கென்று 100 எம்பி அளவில் ஒரு பகுதியை ஒதுக்கிக்கொள்ளும். கம்ப்யூட்டரைத் துவக்கும் ஃபைல்கள் வழக்கமாக அதில்தான் இருக்கும். சாதாரணமாக அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் எப்போதும் முழு டிஸ்க்கையும் குளோன் செய்யுங்கள்.

7. அரசு லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கிற மெனு லினக்ஸ் பகுதியைச் சார்ந்தது. 'யாரும் பயன்படுத்தவில்லையே' என்று லினக்ஸ் பகுதியை அழித்தால் விண்டோஸும் துவங்காமல் நின்றுவிடும். இரண்டையும் சேர்த்தே புது டிஸ்க்குக்குக் கொண்டுபோங்கள். விண்டோஸுக்குள்ளிருந்து இயங்கும் குளோனிங் மென்பொருள்கள் இந்த இரட்டை அமைப்பில் தடுமாறலாம். அடுத்த குறிப்பில் வரும் குளோன்ஜில்லாவே நம்பகமானது.

8. குளோன்ஜில்லா தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையம் உருவாக்கிய இலவச மென்பொருள். ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு அதைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்க வேண்டும். 'டிவைஸ் - டிவைஸ்', 'பிகினர்', 'டிஸ்க் டு லோக்கல் டிஸ்க்' என்று வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். சோர்ஸ் என்று கேட்டால் பழைய டிஸ்க், டார்கெட் என்று கேட்டால் புதிய டிஸ்க். இது ஒன்றுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான இடம். தலைகீழாகக் கொடுத்துவிட்டால் வெறும் டிஸ்க் உங்கள் கணக்கின்மேல் எழுதப்பட்டு எல்லாம் அழியும். திரையில் கம்பெனிப் பெயரும் அளவும் வரும். இரண்டு டிஸ்க்கின் பெயரையும் முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே 'ஒய்' அழுத்துங்கள். அது மறுபடி கேட்கும்போதும் அதே நிதானம் வேண்டும்.

9. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் இதைத் தொடங்காதீர்கள். முந்தின நாள் நாளிதழில் அறிவிப்பு வரும், பார்த்துக்கொள்ளுங்கள். 200 ஜிபி தகவல் பழைய யுஎஸ்பி 2 போர்ட் வழியாகப் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும். நீல நிற யுஎஸ்பி 3 போர்ட் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடியலாம். லேப்டாப்பைச் சார்ஜரிலேயே போட்டு வையுங்கள். டெஸ்க்டாப்புக்கு இன்வெர்ட்டர் இணைப்பு நல்லது. சிறிய யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது.

10. முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புதியதை அதன் இடத்தில் மாட்டி ஆன் செய்யுங்கள். முதல் தடவை இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பும். நீலத் திரை வந்தால், பயாஸில் சாட்டா மோட் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஐடிஇ, ஏஹெச்சிஐ இரண்டில் முன்பு எது இருந்ததோ அதையே வையுங்கள்.

11. எக்ஸ்பி இன்னும் ஓடுகிறதென்றால் எஸ்எஸ்டியில் அதற்கு முழுப் பயன் கிடைக்காது. அதன் பார்ட்டிஷன் 63-ஆம் செக்டரில் தொடங்குவதால் எழுதும் வேலை கூடும். அழித்த ஃபைல்களின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் வசதியும் அதில் இல்லை. விண்டோஸ் 7 முதல் அந்த வசதி உண்டு.

12. புது டிஸ்க் நன்றாக ஓடினாலும் பழைய விண்டோஸ் பழையதுதான். அதில் நெட் பேங்கிங் வேண்டாம், ஜிஎஸ்டி தாக்கலும் வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டரை இணையத்திலிருந்து விலக்கி, டிசைனுக்கும் கணக்குக்கும் மட்டும் வைத்துக்கொள்வதே சரி. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறலாம்.

13. கழற்றிய டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்து வேறு வேலைக்கு எடுத்துவிடாதீர்கள். தேதியும் 'முழு காப்பி' என்றும் எழுதிய சீட்டை ஒட்டி, ஈரம் படாத இடத்தில் குறைந்தது ஒரு மாதம் வையுங்கள். அதற்குள் பிரிண்டர், எழுத்துருக்கள், டாலி, பழைய டிசைன் ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.