நிலையறி தேர்வும் வீட்டின் பழைய அச்சமும்

மெர்சிங்

அன்பு மகளுக்குப் பெரியப்பாவின் ஆசிகள்.

பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் மாணவர் எந்தக் கணிதப் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை முடிவுசெய்ய, வகுப்புகள் தொடங்கும் முன்பே நடத்தப்படுவது நிலையறி தேர்வு ஆகும். சேர்க்கை உறுதியான பின்னரே இது எழுதப்படுவதால், இதில் தேர்ச்சி என்றோ தோல்வி என்றோ ஒன்று கிடையாது. நுண்கணிதத்தை, அதாவது வகையிடலும் தொகையிடலும் அடங்கிய பாடத்தை, முதல் பருவத்திலேயே எடுக்கலாமா, அதற்கு முந்திய பாடத்தில் ஒரு பருவம் இருந்துவிட்டுச் செல்வது நல்லதா என்பதை மட்டுமே இது சொல்கிறது. மகள் சேரவிருக்கும் இடம் உட்பட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதற்குப் பயன்படும் அலெக்ஸ் என்ற இணையத் தேர்வு, துவாஞோன், ஃபால்மாஞ் என்ற இரு அறிஞர்கள் 1985இல் முன்வைத்த அறிவுவெளிக் கோட்பாட்டிலிருந்து பிறந்தது. ஒரு கணக்கைச் செய்யத் தெரிந்தவருக்கு அதற்கு அடிப்படையான வேறு சில கணக்குகளும் தெரிந்திருக்கும் என்ற எளிய உண்மையைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு விடைக்கும் ஏற்ப அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுத்து, 30 கேள்விகளுக்கு மிகாமல் ஒருவருடைய கணித அறிவு எதுவரை எட்டுகிறது என்பதை அது கணித்துவிடுகிறது.

வீட்டிலிருந்தே, மேற்பார்வையாளர் இல்லாமல், இத்தேர்வை எழுதப் பல பல்கலைக்கழகங்கள் இசைவளிக்கின்றன. கவலை இங்கேதான் தொடங்குகிறது. தேர்வன்று குளுவாங்கிலிருந்து அண்ணன் வந்து அருகில் அமர்வான் என்றும், கணக்கைப் படம்பிடித்தவுடனே விடை சொல்லும் செயலி ஒன்று கைப்பேசியில் இருக்கிறது என்றும் பேசப்பட்டது பெரியப்பாவின் செவிக்கும் எட்டியது. பேசியவர்கள் மகள்மீது கொண்ட அக்கறையாலேயே பேசினார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், மெர்சிங் ஆற்றின் முகத்துவாரம் ஆழமற்றது என்பதால் தியோமான் தீவுக்குச் செல்லும் படகுகள் கடல்நீர் ஏறும் வேளை பார்த்தே புறப்படுகின்றன என்பதையும், ஆழத்தை இரண்டு அடி கூட்டிச் சொல்வதால் எந்தப் படகும் விரைந்து போய்ச் சேர்வதில்லை என்பதையும் இந்த ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.இன் கூடுதல் கணிதத்தில் தொகையிடல் வரை படித்தவளுக்கு அலெக்ஸ் எளிதாகவே இருக்கும் என்ற நம்பிக்கையும் வீட்டில் நிலவுகிறது. அது முழுச் சரியன்று. அலெக்ஸ் நுண்கணிதத்தைக் கேட்பதில்லை. பின்னம், அடுக்குக்குறி, மடக்கை, முக்கோணவியல் எனக் கீழ்ப்படிகளையே துருவித் துருவிக் கேட்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் அறிவியல் கணிப்பான் எப்போதும் கையில் இருக்கும், இறுதி விடை பிசகினாலும் வழிமுறைக்கு மதிப்பெண் கிடைக்கும். அலெக்ஸிலோ கணிப்பான் தேவைப்படும் கேள்விக்கு மட்டுமே திரையில் தோன்றும், தட்டச்சு செய்த விடையே கணக்கில் கொள்ளப்படும். பள்ளித் தேர்வில் பெற்ற தரம் ஒன்று, கைவசமுள்ள கணிதம் வேறொன்று என்பதை இங்கிலாந்தினரும் கண்டறிந்தார்கள். 1991 முதல் புதிய மாணவர்களுக்கு இத்தகைய தேர்வை நடத்திவந்த கவன்ட்ரி பல்கலைக்கழகத்தின் அனுபவத்தையும் சேர்த்துக்கொண்டு, 2000ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பொறியியல் மன்றம் வெளியிட்ட அறிக்கை, பள்ளியிறுதித் தரம் நன்றாக இருந்தும் அடிப்படைக் கணிதத்தில் தடுமாறுவோர் பெருகிவருவதை எடுத்துக்காட்டியது.

கீழ்ப்படியில் வைத்துவிடுவார்களோ என்ற பயம் இந்தக் குடும்பத்துக்கு எங்கிருந்து வந்தது என்பதை மகள் அறிவாள். அத்தையின் கதையை மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் கடந்துபோகவும் பெரியப்பாவால் முடியவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை கணக்கில் முதலாவதாக நின்ற பெண், மலாய்மொழித் தாளில் போதிய தரம் இல்லை என்பதற்காக, பெராலிஹான் எனப்படும் புகுமுக வகுப்பில், அதாவது முதல் படிவத்துக்குமுன் மொழிப் பயிற்சிக்காக ஓராண்டு தங்கவைக்கப்படும் வகுப்பில், அமர்த்தப்பட்டாள். மொழிக்கு ஓராண்டு தேவைப்பட்டிருக்கலாம். கணக்குக்கு ஒரு நாளும் தேவைப்படவில்லை. ஆனால் ஆறு ஆண்டுகள் தமிழில் கற்ற கணக்கு அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, மறுதேர்வு வைக்கவும் இல்லை. தன்னைவிட ஒரு வயது இளையவர்களோடு முதல் படிவத்தில் உட்கார்ந்த வெட்கம் அவளை மூன்றாம் படிவத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இன்றைக்கும் மீன்கடையில் அத்தை கணிப்பான் இல்லாமல் கூட்டும் வேகத்தைப் பார்க்கும்போதெல்லாம் பெரியப்பாவுக்கு மனம் ஆறுவதில்லை.

அந்தக் காயத்தினால்தான், நிலை பிரிக்கும் தேர்வு என்று கேட்டவுடனே வீட்டார் குறுக்குவழி தேடுகிறார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அங்கே ஒரு திறமையை அளந்து வேறொரு திறமைக்குத் தண்டனை கொடுத்தார்கள். இங்கே கணிதமே அளக்கப்படுகிறது. அங்கே முடிவு ஒரே முறை. இங்கே பல பல்கலைக்கழகங்கள் ஐந்து முறை வரை எழுத விடுவதோடு, ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில், விடுபட்ட பகுதிகளைக் கற்றுக்கொள்ளப் பயிற்சிப் பாடங்களையும் திறந்துவைக்கின்றன. அத்தைக்கு இரண்டாவது வாய்ப்பு என்று ஒன்று கிடைத்திருந்தால் அவள் அதை எப்படிப் பயன்படுத்தியிருப்பாள் என்பதை மகள் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

கலிஃபோர்னியாவில் இத்தேர்வுகளே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள் என அண்ணன் சொன்னதும் உண்மைதான். கீழ்நிலைப் பாடங்களில் வைக்கப்பட்டவர்கள் பலர் பட்டத்துக்குரிய பாடத்தை எட்டாமலே நின்றுவிட்டதால், அம்மாநிலப் பல்கலைக்கழகத் தொகுதி 2017இல் தன் தொடக்கநிலைக் கணிதத் தேர்வைக் கைவிட்டது. சமுதாயக் கல்லூரிகளுக்கும் அதே ஆண்டில் சட்டம் வந்தது. அதில் நியாயம் உண்டு. ஆனால் அவர்கள் விலக்கியது ஒரு முறையைத்தானே தவிர, விடையைப் பிறர் சொல்லக் கேட்டு எழுதுவதை அவர்கள் பரிந்துரைக்கவில்லை.

எனவே, முடிவு மகளுடையதே. அண்ணனை அமர்த்திக்கொண்டு நுண்கணித வகுப்பில் இடம்பிடித்து, அக்டோபர் மாத முதல் தேர்வில் கைப்பேசியும் அண்ணனும் இல்லாமல் தனித்து விழிக்கலாம். அல்லது தனியே எழுதி, வந்த மதிப்பெண்ணைப் பார்த்து, பயிற்சிப் பாடங்களை முடித்து, மறுபடியும் எழுதலாம். ஒரு பருவம் கூடினால் டாலரில் கட்டணம் கூடும் என்ற கவலையும், அப்பா ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணம் என்ற உறுத்தலும் மகளுக்கு இருப்பது தெரியும். நுண்கணிதத்தில் தோற்று அதையே மறுபடியும் எடுப்பவரும் அதே டாலரில்தான் கட்டணம் கட்டுகிறார்.

கடிதம் கடிந்துகொள்வதுபோல் ஆகிவிட்டதென்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும். எந்த மதிப்பெண் வந்தாலும், எந்த வகுப்பில் தொடங்கினாலும், மகள்மீது பெரியப்பாவுக்குள்ள பெருமை இம்மியும் குறையாது. கடல் தாண்டிப் படிக்கப் போகும் முதல் பெண் என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பெரியம்மா கெரோப்போக்கும் நெத்திலிக் கருவாடும் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறார், விமானத்தில் விடுவார்களா என்று மட்டும் விசாரிக்க வேண்டும். வீட்டில் இணையம் விட்டுவிட்டு வருகிறதென்றால் தேர்வை இங்கே மாடியறையில் வந்து எழுதலாம். கதவைச் சாத்திக்கொள்ளலாம், யாரும் உள்ளே வரமாட்டார்கள், காப்பி வேண்டுமென்றால் மட்டும் குரல் கொடுத்தால் போதும்.

என்றும் அன்புடன்,
பெரியப்பா