பி.பி.எஃப். ஒட்டிய காரை யார் கையில் கொடுப்பது?

எங்கள் அடுக்ககத்தில் காலை ஐந்தரைக்கே வாளிச் சத்தம் கேட்கும். ஒரு வாளித் தண்ணீர், தோளில் ஒரு பழைய துணி, துடைக்க 14 கார்கள். முதல் காருக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீர் ஆறாவது காருக்குள் டீ நிறத்துக்கு வந்துவிடும். என் கார் ஒன்பதாவது. அதன் பானெட்டிலும் முன் பம்பரிலும் அரை லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து பி.பி.எஃப். எனும் பாதுகாப்புப் படலம் ஒட்டி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு நாள் மாலை வெயில் சாய்வாக விழுந்தபோது பார்க்கிறேன், பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்.

ஒட்டிய கடைக்கே போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் பதில் பேசாமல் ஒரு மக்கு வெந்நீர் கொண்டுவந்து பானெட்டில் மெதுவாக ஊற்றினார். கண்ணெதிரே பாதிக் கோடுகள் மறைந்தன. மீதி அப்படியே நின்றன. “மறைஞ்சது படலத்தோட குணம் சார், நிக்கிறது உங்க துணியோட குணம்” என்றார்.

பி.பி.எஃப். என்று நாம் சொல்வது பெரும்பாலும் டி.பி.யு. எனப்படும் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன். கனம் 150 முதல் 200 மைக்ரான், அதாவது இரண்டு மூன்று தலைமுடியை அடுக்கினாற்போல. வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணல் அரிக்காமலிருக்க 3எம் நிறுவனம் செய்த படலத்தின் வழிவந்தது இது. லாரிச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் ஜல்லியை வாங்கிக்கொள்ளத் தெரிந்த பொருள். அதன் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு சூடு பட்டால் இளகி, சின்னக் கீறல்களைத் தானே மூடிக்கொள்ளும். பூச்சைத் தாண்டி உள்ளே இறங்கிய மணல் கோட்டை வெந்நீராலும் மூட முடியாது. ஆக, எந்த ஷாம்பு என்பதைவிட, யார், எந்தத் துணியால் கழுவுகிறார்கள் என்பதுதான் பெரிய கேள்வி.

தினமும் துடைப்பதை முதலில் நிறுத்துங்கள். ராத்திரி படிந்த தூசியைப் பாதி ஈரத் துணியால் இழுப்பதும் உப்புத்தாள் போடுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கார் தூசியோடு நான்கு நாள் நிற்பதில் படலத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. கௌரவத்துக்குத்தான்.

அடுத்தது வாட்டர் சர்வீஸ். மழைக்காலச் சேறு சக்கர வளைவுகளில் அப்பிக் கிடக்கும்போது பிரஷர் கன்னுக்கு ஈடில்லை. ஆனால் அதே தண்ணீர் படலத்தின் ஓரத்தில் பக்கவாட்டாகப் பாய்ந்தால், ஓரம் எழும்பிவிடும். ஒருமுறை எழும்பினால் அதற்குள் மண் போகும், பிறகு ஒட்டாது. எனவே பையனிடம் மூன்று விஷயம் சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள்: கன் ஒரு அடிக்குக் கிட்டே வரக்கூடாது, தண்ணீர் விசிறி மாதிரி விரிந்து வரவேண்டும், படலத்தின் ஓரத்தைக் குறிவைத்து அடிக்கக்கூடாது. அடியில் அடிக்கும் டீசல், தார்க்கறை எடுக்கும் மண்ணெண்ணெய், வீல் கழுவும் ஆசிட் எதுவும் படலத்தின் மேல் படவே கூடாது. நுரை அடித்த பிறகு துடைக்க வரும் துணியையும் பாருங்கள். கீழே விழுந்து எடுத்த பனியன் வேஸ்ட் என்றால் “துடைக்க வேண்டாம் தம்பி, நானே பார்த்துக்கிறேன்” என்று வாங்கிவிடுங்கள். மைக்ரோஃபைபர் துணி இரண்டு டிக்கியில் எப்போதும் கிடக்கட்டும்.

பெரிய பிரஷ்கள் சுழலும் தானியங்கி வாஷ் வேண்டாம். முந்தைய காரின் மண் அந்த இழைகளில்தான் இருக்கிறது.

டீடெய்லிங் கடை நல்ல வழிதான், செலவு கூடுதல். நேர்மையான கடை என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது போதும். கூடவே விற்க வருவதில்தான் ஜாக்கிரதை. பெயிண்டுக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டைப் படலத்தின் மேல் போடுகிறேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். மேட் படலத்துக்கு வாக்ஸும் ஆகாது, அங்கங்கே திட்டுத்திட்டாகப் பளபளக்க ஆரம்பித்துவிடும். படலத்தின் மேல் செராமிக் கோட்டிங் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடலாம், தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், கழுவுவது சுலபமாகும். கல் அடியைத் தாங்குவது படலம்தான், அந்தக் கோட்டிங் அல்ல. எனக்கு அது அவசியமாகப் படவில்லை.

தண்ணீரில்லாமல் ஸ்ப்ரே அடித்துத் துடைக்கும் திரவங்கள் லேசான தூசிக்கு மட்டும். சேறு பட்ட காரில் தொடவே வேண்டாம்.

கடைசியில் நம் கை. வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம். நிழலில் நிறுத்தி, பானெட் ஆறட்டும். வெறும் தண்ணீரை மேலிருந்து கீழாக நிறைய விட்டு மண்ணை ஓட்டிவிடுங்கள். இந்த முதல் தண்ணீரில்தான் பாதி வேலை முடிகிறது. பிறகு இரண்டு வாளி. ஒன்றில் காரத்தன்மையில்லாத கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஷாம்புவில் நனைத்து ஒரு பகுதி துடைத்ததும், வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே மறுபடி ஷாம்புவுக்குப் போகவேண்டும். வட்டம் போடாமல் நேராக இழுங்கள். சக்கரத்துக்கும் அடிப்பகுதிக்கும் வேறு துணி. பாத்திரம் விளக்கும் சோப்பும் துணி துவைக்கும் பவுடரும் வேண்டாம்.

சென்னையில் இதைவிடப் பெரிய தலைவலி தண்ணீர். போர் தண்ணீர் காய்ந்தால் கறுப்புக் காரில் சுண்ணாம்புப் புள்ளி விழும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரைச் சேர்த்து வைத்துக் காருக்கு ஊற்றுபவர்கள் உண்டு. சிக்கனம் நல்லதுதான், ஆனால் அதில் உப்பு இன்னும் கூடுதல். முதல் அலசலுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அலசலுக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். உப்பே இல்லாத தண்ணீர் அது. புழுக்கமான ராத்திரியில் சில லிட்டராவது சேரும். துணியில் வடிகட்டிக்கொண்டால் போதும். விழுந்துவிட்ட புள்ளிக்கு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து ஒற்றியெடுத்து உடனே கழுவிவிடலாம்.

காக்கை எச்சம், ராத்திரிப் பயணத்தில் பம்பரில் அப்பிய பூச்சி இரண்டையும் சுரண்டாதீர்கள். வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் போர்த்தி, ஊறியதும் வழித்தெடுங்கள். வெயிலில் இரண்டு நாள் விட்டால் படலத்திலும் தடம் பதியும். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதாக இருந்தால் படலம் ஒட்டாத இடமாகப் பார்த்து வையுங்கள், அல்லது நம்பர் பிளேட்டில் வையுங்கள். குங்குமச் சாயம் படலத்தின் ஓரக்கோட்டில் இறங்கினால் கிளம்பாது. என் காரில் போன வருஷத்துச் சிவப்புக் கோடு இன்னும் இருக்கிறது.

புதிதாக ஒட்டியவர்கள் முதல் ஒரு வாரம் கழுவவே வேண்டாம், பசை இறுகட்டும். உள்ளே சின்ன நீர்க்குமிழ் தெரிந்தால் ஊசியால் குத்தாதீர்கள். சில வாரங்களில் தானே வற்றிவிடும். ஓரம் எழும்பினால் இழுக்காமல், சூப்பர் குளூ தடவாமல், ஒட்டிய கடைக்கே போங்கள்.

காலையில் வாளியோடு வருகிறவரிடம் தினமும் வேண்டாம் என்று சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது, சம்பளம் போய்விடும் என்று. இரண்டு வாளியும் நான்கு துணியும் வாங்கிக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கழுவச் சொன்னேன். சம்பளம் அதேதான்.