லோரி நின்றவுடன் இயந்திரம் அணைவது ஏன்?

1926ஆம் ஆண்டில் மலாயா போர்டு மோட்டார் நிறுவனம் சிங்கப்பூரில் தன் பணியைத் தொடங்கிய இடம் எங்கோர் தெரு. அது சைனாடவுனுக்குத் தெற்கே, தஞ்சோங் பகாரில் உள்ளது. அப்பணி 1941இல் புக்கிட் தீமாவில் பெரிய ஆலையாக வளர்ந்தது. அக்கால லோரிகளிற் பல பெட்ரோலில் ஓடியவை, கார்புரேட்டர் பொருத்தியவை. அவ்வகை லோரி உங்கள் தோட்டத்தில் இன்னும் ஓடுமாயின், இப்பாடம் உங்களுக்கு உரியது.

சைனாடவுனில், மாரியம்மன் கோயில் அமைந்துள்ள சவுத் பிரிட்ஜ் சாலையில், சிவப்பு விளக்குக்கு நின்ற லோரி அணைந்துவிட்டால் பின்வரும் வண்டிகளுக்குத் தாமதம், அவ்வளவே. ரப்பர்ப் பாலும் ஆட்களும் ஏறிய லோரி சரிவில் அணைந்தாலோ உயிருக்கே ஆபத்து. பழைய லோரிகள் பலவற்றில் இயந்திரத்தின் உறிஞ்சு விசையே பிரேக்குக்குத் துணை. இயந்திரம் நின்றால் இரண்டொரு மிதியில் அத்துணை தீர்ந்து, பெடல் இறுகிவிடும்.

அணையும் இயந்திரத்தைக் கண்டதும் வேகத் திருகாணியை முடுக்கிவிடுவது பலரது வழக்கம். இது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. கீழ்க்கண்ட வரிசையில் ஆராய்வோம்.

முதலாவது, இயந்திரம் நன்கு சூடேறட்டும். சூடேறிய பின்னும் சோக் மூடியிருந்தால் பெட்ரோல் மிகும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. இளம்பழுப்பே நல்ல அடையாளம்.

இரண்டாவது, காற்றுக் கசிவு. ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டரின் அடியிலும் மூட்டுகளிலும் மெல்ல நகர்த்துங்கள். விசிறியிலிருந்து கை விலகியிருக்கட்டும். கசியுமிடத்தில் சீறல் கேட்கும். பிரேக்குக்குச் செல்லும் குழாயையும் மறவாது சோதியுங்கள். அக்குழாய் வெடித்திருந்தால் இயந்திரமும் அணையும், பிரேக்கும் தளரும். திருகாணியை முடுக்கியவர் இதனை அறியாமலே லோரியை ஓட்டிச் செல்வார்!

மூன்றாவது, மெல்லோட்டத்துக்குப் பெட்ரோல் தரும் சிறு துவாரம் அடைபட்டிருக்கலாம். கம்பியால் குத்தினால் துவாரம் பெரிதாகிவிடும், காற்றழுத்தத்தால் ஊதுங்கள்.

இவை சரியான பின்னரே திருகாணி. கலவைத் திருகாணி எத்தனை சுற்றில் உள்ளது என்று குறித்துக்கொண்டு, இயந்திரம் தடுமாறும் வரை மெல்ல உள்ளே திருகி, சீராக ஓடும் வரை வெளியே திருப்புங்கள். இறுக முடுக்கினால் அதன் முனை கெடும். முடிவில், கையேடு கூறும் வேகத்துக்கு வேகத் திருகாணியை அமையுங்கள்.

இவ்வேலையைத் திறந்த வெளியில் செய்க. மூடிய கொட்டகையில் தேங்கும் புகை ஓசையின்றி உயிரைக் குடிக்கும். பிரேக்குக் குழாய் பழுதென்று கண்டால், அதை மாற்றும் வரை லோரி நின்ற இடத்திலேயே நிற்கட்டும். ஒருநாள் பால் உறைந்தால் நட்டம் சிறிது; சரிவில் ஓர் உயிர் போனால் ஈடு செய்ய இயலாது.