"குளிர் போகட்டும், பார்ப்பம்": அத்திவார வெடிப்புப் பற்றிய சில பிழையான நம்பிக்கைகள்

ரொறொன்ரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கங்களில் வீடு வைத்திருப்பவர்களிடம் இலையுதிர்காலத்தில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "பேஸ்மென்ற் சுவர் கொஞ்சம் வெடிச்சிருக்கு. குளிர் போகட்டும், பார்ப்பம்." வீட்டுக் கடனைக் கட்டி, பிள்ளைகளின் செலவையும் பார்த்தபின் சுவருக்கென்று காசு ஒதுக்குவது லேசில்லை. ஆனால் இப்படித் தள்ளிப்போடச் சொல்லப்படும் நியாயங்களில் பல பிழையானவை. அவற்றை நம்பி ஒரு குளிர்காலத்தைக் கடத்துபவர்கள் வசந்தத்தில் பல மடங்கு செலவழிக்க நேரிடலாம்.

"நிலம் உறைந்துவிட்டால் தண்ணீர் வராது"

மிகவும் கெடுதல் செய்யும் நம்பிக்கை இதுதான். தண்ணீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. மழைக்கு வெடிப்புக்குள் இறங்கிய ஈரம் உறைந்து இரு பக்கத்தையும் நெருக்கும். உருகியபின் வெடிப்பு முன்னையைவிடச் சற்று அகன்றிருக்கும். அடுத்த முறை கூடுதலான தண்ணீர் இறங்கும். இதில் கடுங்குளிரைவிடப் பொல்லாதது, பூச்சியத்துக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கும் குளிர். ஜனவரி முழுவதும் இறுகிக் கிடக்கும் வின்னிபெக்கைவிட, திங்கள் உருகி, புதன் உறையும் தென் ஒன்ராறியோவில் இந்தச் சுழற்சி ஒரே பருவத்தில் கூடுதலான தடவை நடக்கிறது. நிலமட்டத்தை ஒட்டிய மேற்பகுதிதான் முதலில் அடிபடும். அதற்குக் கீழே வீட்டுச் சூடு சுவரை ஓரளவு காக்கிறது.

வெளியே இருக்கும் மண்ணும் சும்மா இருப்பதில்லை. உறைந்த மண் மேலெழுவதற்குத் தண்ணீர் விரிவது மட்டுமே காரணம் என்று முன்னர் எண்ணியிருந்தார்கள். ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியலாளர் 1929, 1930 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் அந்த எண்ணத்தை மாற்றின. உறையும்போது சுருங்குகிற பென்சீனைத் தண்ணீருக்குப் பதிலாக மண்ணில் ஊற்றி அவர் உறையவைத்தார். அப்போதும் மண் எழும்பியது. உறையும் இடத்தை நோக்கி அடிமண்ணின் ஈரம் தொடர்ந்து இழுக்கப்பட்டு, பனிக்கட்டிப் படைகளாகத் தடித்துக்கொண்டே போகிறது. ஆகவே நிலம் உறைந்தபிறகும் அதற்குள் தண்ணீர் நகர்ந்தபடியே இருக்கிறது. ரொறொன்ரோப் பகுதியில் உறைவு ஏறத்தாழ 1.2 மீட்டர் ஆழம்வரை இறங்கலாம் என்று கணக்கிட்டே அத்திவாரம் போடுகிறார்கள். வண்டல் கலந்த ஈரமண் அந்த ஆழத்துக்குள் உறைந்து பருத்தால் சுவரை உள்நோக்கித் தள்ளும். கொங்கிரீட் கட்டிகளால் எழுப்பிய பழைய வீடுகளில் கிடையாக ஓடும் வெடிப்பு பெரும்பாலும் இந்தப் பக்க அழுத்தத்தின் அடையாளம்.

அதனால்தான் சுவரோரத்தில் தண்ணீரைச் சேரவிடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கூரை நீரை இறக்கும் குழாயை வீட்டிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். வழித்த ஸ்னோவைச் சுவரோடு குவிக்காதீர்கள். மார்ச்சில் அது உருகும்போது, சற்றுத் தள்ளியிருக்கும் நிலம் இன்னும் உறைந்தே கிடக்கும். தண்ணீருக்கு உங்கள் சுவரை விட்டால் வேறு வழி இருக்காது. டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் செலவு மிச்சம் என்று ஹீற்றிங்கை நிறுத்திவிட்டுப் போவதும் ஆபத்து. சூடில்லாத பேஸ்மென்றைச் சுற்றி உறைவு இன்னும் ஆழமாக இறங்கும்.

"வெடிப்பு என்றால் எல்லாம் ஒன்றுதான்"

இதை இரண்டு தரப்பும் சொல்கின்றன. "எந்த வீட்டில்தான் வெடிப்பில்லை" என்பது ஒரு தரப்பு. வீடே சரிந்துவிடும் என்று பயமுறுத்தி அன்றைக்கே கையெழுத்து வாங்கப் பார்க்கும் விற்பனையாளர் மறு தரப்பு. கொங்கிரீட் காயும்போது சுருங்கும். அதனால் வரும் மயிரிழை போன்ற, செங்குத்தான, ஈரமில்லாத வெடிப்புக்கு அவசரம் இல்லை. அதன் இரு நுனியிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதியை எழுதி, அகலத்தையும் அளந்து வையுங்கள். நீண்டுகொண்டே போகும் வெடிப்பு, கிடையாக ஓடுவது, கட்டிகளுக்கிடையே படிப்படியாக ஏறுவது, ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடத் துருத்தி நிற்பது ஆகியவை காத்திருக்கக் கூடாதவை. இவற்றுக்குத் திருத்துகிற நிறுவனத்தை அழைக்குமுன், கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவருக்குக் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திருத்த வேலையை விற்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

"கோடையில் தானாக மூடிக்கொண்டது"

மூடவில்லை. கொங்கிரீட் குளிருக்குச் சுருங்கி, வெயிலுக்கு விரியும். 10 மீட்டர் நீளச் சுவரின் வெப்பநிலை 30 பாகை குறைந்தால் அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் சுருங்கும். மண்ணுக்குள் இருக்கும் பகுதியில் மாற்றம் இதைவிடக் குறைவு. ஆனாலும் ஓகஸ்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு பெப்ரவரியில் வாய் திறக்க அது போதும்.

"குளிர்காலத்தில் திருத்த முடியாது, உள்ளே சீமெந்து பூசிவிடலாம்"

உள்ளே பூசும் சீமெந்து ஈரத்தைக் கண்ணிலிருந்து மறைக்கிறது, அவ்வளவுதான். சுவருக்குள் தண்ணீர் இருக்கும் இடத்திலேயே இருக்கும். வார்த்த கொங்கிரீட் சுவரென்றால், வெடிப்பின் முழுத் தடிப்புக்கும் உள்ளிருந்தே பொலியூரித்தேன் செலுத்தி அடைக்கலாம். அது ஈரத்திலும் பிடிக்கும், சற்று நெகிழவும் செய்யும். சுவரின் வலுவை மீட்க வேண்டுமென்றால் எப்பொக்சி; அதற்கு வெடிப்பு உலர்ந்திருக்க வேண்டும். சூடேற்றிய பேஸ்மென்றில் இரண்டையும் ஜனவரியிலும் செய்யலாம். உறைந்த நிலத்தில் சிரமமாவது வெளியே தோண்டிச் செய்யும் வேலைதான். அது தேவைப்படும் வீட்டுக்கு ஒக்ரோபர் கையை விட்டுப் போகக் கூடாத மாதம்.

"காப்புறுதி இருக்கிறதே"

வெடிப்பு வழியாக மெல்லமெல்லக் கசிந்து வரும் சேதத்தைச் சாதாரண வீட்டுக் காப்புறுதி பொதுவாக ஏற்பதில்லை. பராமரிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு என்றே சொல்வார்கள். ஒன்ராறியோவில் புதிதாகக் கட்டிய வீடென்றால், அத்திவாரச் சுவர் வழியே தண்ணீர் புகுவதற்கு டாரியன் என்ற புதுவீட்டு உத்தரவாத அமைப்பு தரும் காப்பு இரண்டு ஆண்டுகள்தான். தள்ளிப்போடுகிறவர்கள் இந்தக் கெடுவையும் தவறவிட்டுவிடுகிறார்கள்.

"தண்ணீர் வராவிட்டால் கவலையில்லை"

மண்ணிலிருந்து எழும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகைப்பழக்கத்துக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குவது அதுதான். குளிர்காலத்தில் வீட்டுச் சூடான காற்று மேலே ஏற, கீழே இருக்கும் வெடிப்புகள் வழியாக மண்வாயு உள்ளே இழுக்கப்படுகிறது; சன்னல்களும் பூட்டியிருக்கின்றன. வெடிப்பை அடைப்பது மட்டும் இதற்குப் போதாது. அளந்துதான் பார்க்க வேண்டும். ஒரு கன மீட்டரில் 200 பெக்கரலுக்கு மேல் இருந்தால் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது கனடாவின் சுகாதாரத் துறை. கனடாவுக்குப் புதிதாக வந்த நம் குடும்பங்கள் பல, முதலில் குடியேறுவது வாடகைப் பேஸ்மென்ற்களில்தான். அப்படி யாரையாவது கீழே வைத்திருப்பவர்கள், நவம்பரிலேயே ஓர் அளவுக் கருவியை வாங்கி அவர்கள் படுக்கும் அறையில் குறைந்தது மூன்று மாதம் வைத்து, முடிவை அவர்களுக்கும் காட்டுங்கள்.